இரு கரைக்கும் கடன்பட்ட தீவு

2025 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையிலுள்ள டர்ன்பெரியில், அமெரிக்க அதிபர் டொனால்ட் ட்ரம்ப்புக்குச் சொந்தமான கோல்ஃப் விடுதியில், ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் அவருடன் ஒரு வணிக உடன்பாட்டுக்கு வந்தார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் பெரும்பாலான பொருள்களுக்கு அமெரிக்கா 15 விழுக்காடு இறக்குமதி வரி விதிக்கும் என்பது அதன் சாரம். பேச்சு நடந்தது பிரிட்டிஷ் மண்ணில். ஆனால் அந்த மேசையில் பிரிட்டனுக்கு இருக்கை இல்லை. பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மர் மறுநாள்தான் அங்கே சென்றார், அதுவும் தன் நாட்டுக்குள்ளேயே வேற்று நாட்டுத் தலைவர் ஒருவரின் விருந்தாளியாக.

ஆயினும் லண்டனில் விவாதத்தைப் பிடித்துக்கொண்டவை இரண்டு எண்கள். ஒன்றியத்துக்கு 15, பிரிட்டனுக்கு 10. அதே ஆண்டு மே 8 அன்று ஸ்டார்மர் அரசு தனியாகச் செய்துகொண்ட உடன்பாட்டில், பெரும்பாலான பிரிட்டிஷ் பொருள்களுக்கு 10 விழுக்காடு கூடுதல் வரி என்றும், ஆண்டுக்கு ஒரு லட்சம் கார்கள் வரை மொத்தமே 10 விழுக்காடு என்றும் முடிவாகியிருந்தது. அதற்கு விலையாக அமெரிக்க மாட்டிறைச்சி 13,000 டன்னையும் எத்தனால் 140 கோடி லிட்டரையும் வரியின்றி உள்ளே விட பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஒன்றியத்தைவிட்டு வெளியேறியதன் பலன் இதுதான் என்றார்கள் பிரெக்ஸிட் ஆதரவாளர்கள். கணக்கைக் கூர்ந்து பார்த்தவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். ஐரோப்பாவின் 15 என்பது பழைய வரியையும் உள்ளடக்கிய எண். பிரிட்டனின் 10 பழைய வரிக்கு மேல் ஏறுகிற எண். முன்பே அதிக வரியிருந்த சில பொருள்களில், பாலாடைக்கட்டி வகைகள் சிலவற்றைப் போல, பிரிட்டிஷ் வணிகரே கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்க, ஐரோப்பிய அரசியலைப் பிரிட்டன் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு, அதன் தலைவர்களின் சொற்பொழிவுகளைவிட இந்த எண் சண்டையே நல்ல சான்று. பிரிட்டன் இவ்விரண்டையும் ஒதுங்கி நின்று பார்க்கும் நாடு அல்ல. இரண்டிடமும் கடன்பட்ட நாடு. பாதுகாப்பு அமெரிக்காவிடமிருந்து வருகிறது. சந்தை ஐரோப்பாவில் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்து மற்றதை அடைக்கக்கூடிய கடன்கள் அல்ல இவை. எனவே வாஷிங்டனில் யார் வென்றாலும், பாரிஸிலோ பெர்லினிலோ எந்த அரசு கவிழ்ந்தாலும், லண்டனில் முதலில் எழும் கேள்வி அதனால் தன் பங்குக்கு என்ன ஆகும் என்பதுதான். நட்பு, பொது விழுமியங்கள், சிறப்புறவு போன்ற சொற்களெல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன.

இந்த நிலையின் தொடக்கத்தை 1956இல் தேட வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் எகிப்து அதிபர் கமால் அப்துல் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு இரகசியமாகத் திட்டமிட்டு அக்டோபர் இறுதியில் எகிப்தைத் தாக்கின. அது அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கிய நேரம். மீண்டும் போட்டியிட்ட ஐசனோவரைக் கலந்துகொள்ளாமலேயே இது நடந்தது. அவர் ஒரு படைவீரரையும் அனுப்பாமல் பிரிட்டனை மடக்கினார். பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டிருந்தது. பன்னாட்டு நிதியத்தின் உதவி தேவைப்பட்டது. போரை நிறுத்தாதவரை அந்த உதவிக்கு அமெரிக்கா இசையவில்லை. நவம்பர் 6 அன்று பிரதமர் அந்தோணி ஈடன் போர்நிறுத்தத்துக்குப் பணிந்து, அதைத் தொலைபேசியில் பாரிஸுக்குத் தெரிவித்தபோது, பிரெஞ்சுப் பிரதமர் கீ மொலேயின் அருகில் ஜெர்மன் சான்சலர் கொன்ராட் அடினாவர் இருந்தார்.

ஒரே அவமானத்திலிருந்து இரு நாடுகளும் நேரெதிரான பாடங்களைக் கற்றன. அமெரிக்காவை நம்பியிருக்கக் கூடாது என்று பிரான்ஸ் முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், ஐரோப்பியப் பொதுச் சந்தையை உருவாக்கிய ரோம் உடன்படிக்கை கையெழுத்தானது. பின்னர் அதிபர் சார்ல் து கோல் காலத்தில் பிரான்ஸ் தனக்கான அணுகுண்டைத் தானே செய்துகொண்டு, 1966இல் நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையிலிருந்தும் விலகியது. அமெரிக்காவை மீறி எதையும் செய்யக் கூடாது என்று பிரிட்டன் முடிவெடுத்தது. 1962 டிசம்பரில் பஹாமாஸில் ஜான் கென்னடியைச் சந்தித்த பிரதமர் ஹரோல்ட் மேக்மில்லன், நீர்மூழ்கியிலிருந்து ஏவப்படும் அமெரிக்க அணு ஏவுகணைகளான பொலாரிஸைப் பெற்றுத் திரும்பினார். நான்கு வாரம்கூட ஆகவில்லை. 1963 ஜனவரி 14 அன்று, ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரப் பிரிட்டன் கொடுத்திருந்த விண்ணப்பத்தைத் தான் ஏற்கப்போவதில்லை என்று து கோல் செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தார். பிரிட்டன் உள்ளே வந்தால் அமெரிக்காவும் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர் அச்சம். 1967இல் மறுபடியும் தடுத்தார். அவர் பதவி விலகிய பிறகுதான், 1973 ஜனவரி 1 அன்று, எட்வர்ட் ஹீத்தின் ஆட்சியில் பிரிட்டனால் உள்ளே நுழைய முடிந்தது.

பொலாரிஸின் வாரிசுதான் இன்றைய ட்ரைடன்ட் ஏவுகணை. ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்திலிருந்து இயங்கும் நான்கு வான்கார்ட் வகை நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏதேனும் ஒன்று எந்நேரமும் கடலுக்கடியில் ரோந்தில் இருக்கும். 1969 முதல் இந்தச் சங்கிலி அறுபடவில்லை. கப்பலைப் பிரிட்டன் கட்டுகிறது. அணு ஆயுத முனையையும் பிரிட்டனே செய்கிறது. ஏவும் முடிவைப் பிரிட்டிஷ் பிரதமர் மட்டுமே எடுக்க முடியும். ஏவுகணைகள் மட்டும் அமெரிக்கா தயாரித்தவை. ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே தளத்தில் இரு நாடுகளுக்கும் பொதுவாக இருக்கும் கையிருப்பிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன, பராமரிப்புக்கு அங்கேயே திரும்புகின்றன. நாளைக்கே உறவு முறிந்தால் நாளைக்கே ஏவுகணைகள் செயலிழந்துவிடா. ஆனால் சில ஆண்டுகளில் அந்த அமைப்பைத் தாங்கிப் பிடிப்பது இயலாமல் போகும். அமெரிக்க அதிபரை வெளிப்படையாகக் கண்டிக்கப் பிரிட்டிஷ் பிரதமர்கள் தயங்குவதற்குப் பொதுவாகக் கோழைத்தனத்தைக் காரணம் காட்டுவார்கள். தயக்கத்தின் பெரும்பகுதி இந்தப் பராமரிப்பு ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

இந்தக் கடனுக்கு ஒரு தீவுக்கூட்டமும் ஈடாகச் சென்றது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த தியேகோ கார்சியாவை இராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்குத் தர 1966இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. பதிலுக்குப் பொலாரிஸ் ஆய்வுச் செலவில் பிரிட்டன் தர வேண்டிய பங்கில் 1.4 கோடி டாலர் தள்ளுபடியானது. சாகோஸ் மக்கள் தங்கள் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2021 அக்டோபரில் படகில் வந்து அதே தீவில் சிக்கிய இலங்கைத் தமிழ் அகதிகள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வேலியிட்ட முகாமில் இருந்து, 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டார்கள் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்த செய்தி. அவர்கள் கரையேறியது பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி, ஆனால் அமெரிக்கத் தளம்.

ஐரோப்பாவிடம் உள்ள கடன் இப்படிப்பட்ட மர்மங்கள் அற்றது. அதைத் துறைமுக வரிசைகளில் பார்க்கலாம். பிரிட்டனின் ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்கிறது. இறக்குமதியில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வருகிறது. அமெரிக்காவுக்கான ஏற்றுமதி ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதிலும் பெரும்பகுதி நிதி, சட்டம், ஆலோசனை போன்ற சேவைகள். 2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. இதனால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 விழுக்காடு குறையும் என்பது அரசின் வரவுசெலவுக் கணிப்பைத் தயாரிக்கும் சுதந்திர அலுவலகத்தின் மதிப்பீடு. விலகியதால் புவியியல் மாறிவிடவில்லை. ஒன்றியத்தின் உறுப்பு நாடான அயர்லாந்தோடு வட அயர்லாந்துக்கு உள்ள எல்லை அங்கேயே இருக்கிறது. டோவர் நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் பிரெஞ்சுக் கரை இன்றும் சுமார் 33 கிலோமீட்டர்தான்.

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் இந்த உறவைச் சீர்படுத்த ஒரு முயற்சி நடந்தது. உணவுப் பொருள்களுக்கான எல்லைச் சோதனைகளைக் குறைக்கவும், பாதுகாப்புத் துறையில் கூட்டாகச் செயல்படவும் இணக்கம் ஏற்பட்டது. ஐரோப்பா கேட்ட விலை மீன். பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கான அனுமதி 2038 வரை, மேலும் 12 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. தேசிய வருமானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத மீன்பிடித் தொழில் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் இறுதி இரவு வரை இழுபறியாக நிற்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கும். பிரிட்டனைப் பொறுத்தவரை அது இழந்த இறையாண்மையின் சின்னம். பிரான்சைப் பொறுத்தவரை கையில் பிடித்திருக்கும் துருப்பு. பாதுகாப்புக் கூட்டுறவின் கதையும் இதைப் போன்றதே. ஒன்றியத்தின் 15,000 கோடி யூரோ ஆயுதக் கொள்முதல் கடன் நிதியில் பிரிட்டன் சேர்வதற்கான பேச்சு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதில் சிக்கி, அதே ஆண்டு நவம்பரில் முறிந்தது. ரஷ்யாவுக்கு எதிராக ஒன்றுபடுவோம் என்று மேடையில் பேசியவர்கள்தான் உள்ளே கட்டணத்துக்குப் பேரம் பேசினார்கள்.

இரண்டு கடன்காரர்களும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டிய வாரம் 2025 பிப்ரவரியின் இறுதி வாரம். 25ஆம் தேதி, பாதுகாப்புச் செலவை 2027க்குள் தேசிய வருமானத்தில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாகவும், அதற்காக வெளிநாட்டு உதவியை 0.5இலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைப்பதாகவும் ஸ்டார்மர் அறிவித்தார். 27ஆம் தேதி வெள்ளை மாளிகையில், இரண்டாவது அரசமுறைப் பயணத்துக்கு அழைக்கும் மன்னர் சார்லஸின் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ட்ரம்ப்பிடம் நீட்டினார். மறுநாள் அதே அறையில் உக்ரைன் அதிபர் செலென்ஸ்கியை ட்ரம்ப்பும் துணை அதிபர் ஜே. டி. வான்ஸும் படக்கருவிகளின் முன்னால் கடிந்துகொண்டார்கள். அன்றே, உதவித்தொகை வெட்டை ஏற்க முடியாத பன்னாட்டு வளர்ச்சித் துறை அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். மார்ச் 2 அன்று ஸ்டார்மர் ஐரோப்பியத் தலைவர்களை லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் கூட்டினார். மாலையில் செலென்ஸ்கி சாண்ட்ரிங்காம் சென்று மன்னரைச் சந்தித்தார். மூன்று நாள் முன்னர் ட்ரம்ப்புக்கு அழைப்பு எழுதிய அதே மன்னர்.

இதை இரட்டை வேடம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இது 1948இலேயே வின்ஸ்டன் சர்ச்சில் வகுத்த கோட்பாட்டின் மிச்சம். காமன்வெல்த், ஆங்கிலம் பேசும் உலகம், ஒன்றுபட்ட ஐரோப்பா ஆகிய மூன்று வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பிரிட்டன் நிற்கிறது என்றார் அவர். 2024 டிசம்பரில் ஸ்டார்மரும் அமெரிக்காவா ஐரோப்பாவா என்ற கேள்வியே தவறு என்று பேசினார், முன்னாள் பிரதமர்கள் சர்ச்சிலையும் அட்லியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு. தேர்ந்தெடுக்காமல் இருப்பதே பிரிட்டனின் கொள்கை. ஒரு முறை அது தேர்ந்தெடுத்தது: 2003இல் ஈராக் போரில் பிரான்சையும் ஜெர்மனியையும் எதிர்த்து டோனி பிளேர் அமெரிக்காவின் பக்கம் நின்றார். அங்கே 179 பிரிட்டிஷ் படையினர் மடிந்தார்கள். பிளேரின் பெயர் அதிலிருந்து மீளவேயில்லை.

கடன்களுக்கு அப்பால், பிரிட்டிஷ் பார்வைக்கு இன்னொரு கண்ணாடியும் உண்டு. அது வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்ற மரபு. அந்த மரபில் அரசின் வரவுசெலவுத் திட்டம் தோற்றால் அரசே தோற்றதாகப் பொருள். பிரதமர் பதவி விலக வேண்டும், அல்லது தேர்தலைச் சந்திக்க வேண்டும். ஆகவே 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள்கள் அமெரிக்க நடுவண் அரசின் அலுவலகங்கள் நிதியின்றி முடங்கியிருந்ததைப் பிரிட்டிஷாரால் எளிதில் விளங்கிக்கொள்ள முடிவதில்லை. ஊழியர்கள் சம்பளமின்றி வேலை செய்தார்கள், ஆனால் ஆட்சியில் யாரும் பதவி இழக்கவில்லை. பிரான்ஸ் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே பிரதமர் விழுவார், அதிபர் நிலைத்திருப்பார். 2024 டிசம்பரில் மிஷேல் பார்னியே, 2025 செப்டம்பரில் ஃபிரான்சுவா பெய்ரு என அடுத்தடுத்து வீழ்ந்தார்கள்; அவர்களுக்குப் பின் வந்த செபாஸ்டியன் லெகோர்னு அமைச்சரவையை அறிவித்த மறுநாள் காலையே விலகி, அதே வாரத்தில் மீண்டும் நியமிக்கப்பட்டார். தங்கள் அமைப்பில் இப்படி நடக்காது என்று சொல்லும்போது பிரிட்டிஷாரின் குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும். 2016 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் இடையில் அவர்களின் பிரதமர் ஐந்து முறை மாறினார் என்பதும், அவர்களில் லிஸ் டிரஸ் 49 நாள்களே பதவியில் இருந்தார் என்பதும் அந்தக் குரலுக்கு வசதியாக மறந்துபோகும்.

மற்றொரு பெருமிதம் தேர்தல் முறையைப் பற்றியது. தீவிர வலதுசாரி அலையைத் தடுக்க ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கரை இருக்கிறது. ஜெர்மனியில் அது பிற கட்சிகளின் உறுதிமொழி: 2025 பிப்ரவரியில் 20.8 விழுக்காடு வாக்குடன் இரண்டாமிடம் வந்த ஏஎஃப்டி கட்சியோடு யாரும் கூட்டணி சேர்வதில்லை. பிரான்சில் அது இரண்டு சுற்று வாக்குப்பதிவு: 2024 கோடையில் முதல் சுற்றில் முன்னணியில் இருந்த தேசிய அணிவகுப்புக் கட்சியை, மற்றவர்கள் இரண்டாம் சுற்றில் ஒன்றுசேர்ந்து மூன்றாமிடத்துக்குத் தள்ளினார்கள். அமெரிக்காவில் கரையே இல்லை. கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முறையால், 2016இல் ட்ரம்ப் புதுக் கட்சி தொடங்க வேண்டிய தேவையின்றிக் குடியரசுக் கட்சியை உள்ளிருந்தே கைப்பற்றினார்.

பிரிட்டனின் கரை, தொகுதியில் முதலில் வருபவரே வெற்றி பெறும் முறை. இந்திய வாசகருக்கு இந்தக் கணக்கு புதிதன்று. 2024 ஜூலையில் தொழிற்கட்சி 33.7 விழுக்காடு வாக்குக்கு 650இல் 411 இடங்களைப் பெற்றது. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 விழுக்காடு வாக்கும் 5 இடங்களும் கிடைத்தன. ஆனால் இந்தக் கரை ஓரளவு உயரம் வரையில்தான் தடுக்கும். வாக்குகள் நான்கைந்து கட்சிகளாகச் சிதறும்போது, 30 விழுக்காட்டை நெருங்கும் கட்சிக்கு அதே முறை பெரும்பான்மையை அள்ளிக்கொடுக்கும். 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் 677 இடங்களை ரிஃபார்ம் வென்றபோது அந்த எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. எழுதப்பட்ட ஒரே அரசியல் சட்ட ஆவணம் இல்லாத, மேலவைக்குத் தடுக்கும் அதிகாரமும் குறைந்த நாட்டில், பெரும்பான்மை பெற்ற பிரதமருக்குச் சட்டமியற்றுவதில் இருக்கும் கட்டற்ற அதிகாரம் அமெரிக்க அதிபருக்குக்கூடக் கிடையாது. ஐரோப்பாவின் கூட்டணிக் குழப்பங்களைக் கண்டு சிரிப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் கருத்து.

கட்சிகளும் இந்தக் கடன்களை அப்படியே பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன, முன்பிருந்ததற்கு நேர்மாறாக. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் தொடர்வதா என்று 1975இல் நடந்த வாக்கெடுப்பின்போது ஐரோப்பிய நாடுகளின் கொடிகள் பின்னப்பட்ட கம்பளிச் சட்டையை அணிந்து ஆதரவு திரட்டியவர் வலதுசாரிப் பழமைவாதக் கட்சியின் தலைவர் மார்கரெட் தாட்சர். வெளியேறச் சொன்னவர்கள் தொழிற்கட்சியின் இடதுசாரிகள். இன்று வலதுசாரிகள் வாஷிங்டனைப் பார்த்துப் பேசுகிறார்கள், இடதுசாரிகள் பிரஸ்ஸல்ஸைப் பார்த்துப் பேசுகிறார்கள். இதில் வலதுசாரிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு: கருத்துக்கணிப்புகளில் ட்ரம்ப்பைப் பிடிக்காத பிரிட்டிஷாரே தொடர்ந்து பெரும்பான்மை. 2025 மார்ச்சில், முப்பது நாற்பது ஆண்டுகளாகப் போரே செய்யாத ஏதோவொரு நாட்டின் படை உக்ரைனைக் காக்காது என்னும் பொருளில் வான்ஸ் பேசினார். தான் பிரிட்டனையோ பிரான்சையோ சொல்லவில்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார். ஆப்கானிஸ்தானில் 457 பேரை இழந்த நாட்டில் அந்த விளக்கம் எடுபடவில்லை. ட்ரம்ப்பின் நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் ஃபராஜே வான்ஸ் சொன்னது தவறு என்று கூற வேண்டியதாயிற்று.

அந்தப் பேச்சில் இருந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. 2025 டிசம்பரில் வெளியான அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு உத்தி, ஐரோப்பிய நாகரிகமே அழிந்துபோகக்கூடும் என்று எச்சரித்தபோது ஆங்கிலக் கால்வாயில் கோடு எதுவும் கிழிக்கவில்லை. அடுத்த மாதம் அது வரிப் பட்டியலிலேயே தெரிந்தது. கிரீன்லாந்தைத் தனக்குத் தர வேண்டும் என்று வற்புறுத்திய ட்ரம்ப், 2026 ஜனவரி 17 அன்று, எதிர்த்து நின்ற எட்டு நாடுகளுக்குப் பிப்ரவரி முதல் 10 விழுக்காடு கூடுதல் வரி என்று அறிவித்தார். டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, நெதர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றோடு பிரிட்டனும் அதில் இருந்தது. டர்ன்பெரிக்குப் பிறகு லண்டனில் பெருமையாகப் பேசப்பட்ட ஐந்து விழுக்காட்டு இடைவெளிக்கு அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நான்கு நாள்களில், டாவோஸில் நேட்டோ தலைமைச் செயலாளர் மார்க் ருட்டவைச் சந்தித்த பிறகு, ட்ரம்ப் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். இடைப்பட்ட நாள்களில் பதிலடி பற்றிய பேச்சு பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் உரக்கக் கேட்டது. ஸ்டார்மர் வரி அச்சுறுத்தல் தவறு என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டு, வணிகப் போர் யாருக்கும் நல்லதில்லை என்றார். வான்கார்ட் கப்பல்களுக்கு மாற்றாக பாரோ துறைமுகத்தில் இப்போது ட்ரெட்நாட் வகை நீர்மூழ்கிகள் கட்டப்படுகின்றன. முதற்கப்பல் 2030களின் தொடக்கத்தில் கடலுக்குச் செல்ல வேண்டும். அதன் ஏவுகணைப் பகுதி அமெரிக்காவின் கொலம்பியா வகைக் கப்பல்களோடு பொதுவாக வடிவமைக்கப்பட்டது. அதில் ஏறப்போவதும் கிங்ஸ் பேயிலிருந்து வரும் ட்ரைடன்ட்தான்.